ஏழு காசின் ஓரம்

என் தம்பிக்குக் கைப்பேசியில் வரும் காணொளிகளை அப்படியே நம்பும் வியாதி உண்டு. ஊறவைத்த வெந்தயம் தின்றால் முழங்கால் வலி போகும் என்று எவனோ சொன்னதைக் கேட்டு ஒரு மாதம் தின்றான். வலி போகவில்லை, வீட்டில் இருந்த வெந்தயம்தான் போனது. ஆகவே போன மாதம் ஒருநாள் காலையில் என்னைக் கூப்பிட்டு, "அக்கா, நம்மகிட்ட இருக்கிற அமெரிக்கா காசு ஒண்ணை வித்தா புதுக் காடியே வாங்கலாமாம். ஈப்போவுல யாராச்சும் விலை பார்த்துச் சொல்ற ஆளு இருக்கான்னு விசாரி" என்றபோது, வேறு சமயமாக இருந்தால் ஒரு காசுக்கு ஒரு காரா என்று அவனை நன்றாகக் கேலி செய்திருப்பேன்.

அன்று, விசாரிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன். அவன் சொன்ன காசு இருக்கும் டப்பாவில் பன்னிரண்டு அரை டாலர் காசுகள் இருந்தன. அவற்றில் ஏழு எங்கள் அப்பா கொண்டுவந்தவை இல்லை. அப்பாவின் காசுகளை எடுத்துவிட்டு அந்த ஏழையும் அங்கே வைத்தவள் நான். நாற்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒருவரிடமும் சொன்னதில்லை.

அப்பா ஈப்போவுக்குத் தெற்கே சுங்காய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிக்கொண்டிருந்தவர். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது வேலையும் போனது, லயத்து வீடும் போனது. எங்களை மாமா வீட்டில் விட்டுவிட்டு பினாங்குக்குப் போய் ஒரு ஹோட்டலில் டோபி வேலையில் சேர்ந்தார். வியட்நாமில் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். அமெரிக்கச் சிப்பாய்கள் சில நாள் ஓய்வுக்கு பினாங்குக்கு வந்து, குடித்து, ஆடி, சட்டையை அழுக்காக்கி அப்பாவிடம் போட்டுவிட்டுப் போவார்கள். ஒருநாள் துவைக்கப் போட்ட காற்சட்டைப் பையில் ஒரு கைக்கடிகாரமும் ஒரு கட்டு நோட்டும் இருந்தன. அப்பா நாலு மாடி ஏறிப்போய் அவனிடமே கொடுத்தார். அந்தச் சிப்பாய் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு துணிப் பையை எடுத்து, அதிலிருந்த பன்னிரண்டு காசையும் அவர் கையில் கொட்டினான். அவனுடைய அப்பா ஊரிலிருந்து கொடுத்தனுப்பிய காசுகளாம். "நான் பார்த்ததிலேயே நீ ஒருத்தன்தான் நேர்மையானவன்" என்றானாம். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, அவனுக்குத் தமிழ் தெரியாது. பிறகு அவன் சொன்னது எப்படிப் புரிந்தது என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை. அப்பா சொல்லும் விதத்தில் அப்படிக் கேட்க இடமே இருக்காது.

சிப்பாய்கள் வருவது நின்றபோது அப்பா திரும்பிவந்து சுங்காயிலேயே வேறொரு தோட்டத்தில் சேர்ந்தார். காசுகள் ஒரு வட்டமான பிஸ்கட் டப்பாவுக்குள் சாமி மேடையில் ஏறின. தீபாவளிக்கு முதல் நாள் அம்மா குத்துவிளக்கையும் தாம்பாளத்தையும் புளி போட்டுத் தேய்க்கும்போது இந்தக் காசுகளும் புளியில் விழும். நானும் தம்பியும் ஆளுக்கு ஆறு எடுத்துக்கொள்வோம். யார் காசு அதிகம் மின்னுகிறது என்று சண்டை வரும். இரண்டு காசில் ஒரு பெண் சூரியனைப் பார்த்து நடந்துகொண்டிருப்பாள். மூன்றில் ஒரு பெரிய மணி. மீதி ஏழிலும் ஏதோ ஒரு ஜனாதிபதியின் பக்கவாட்டு முகம். மாலையில் வெற்றிலை மேல் காசுகளை அடுக்கிப் படைத்து முடித்ததும் அப்பா அந்தக் கதையைச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்களும் முறுக்கைக் கடித்துக்கொண்டே முதல் தடவை கேட்பதுபோலக் கேட்பார்கள். அந்தச் சாயங்காலங்கள் எனக்கு இப்போதும் நினைவிருக்கின்றன. கையில் புளி வாசனை, முகத்தில் விளக்கு வெளிச்சம், அப்பாவின் குரல். அப்போது நாங்கள் ஏழைகள் என்பது எங்களுக்குத் தெரியாது.

எனக்குப் பத்தொன்பது வயதானபோது ஈப்போ பழைய டவுனில் ஒரு காசு மாற்றும் கடையில் வேலை கிடைத்தது. பக்கத்தில் சிலிபினில் சித்தி வீட்டில் தங்கியிருந்தேன். கடைக்கு எதிரே மாடியில் ஒரு டைப்பிங் வகுப்பு நடந்தது. பகலெல்லாம் அந்தச் சத்தம் எங்கள் கடைக்குள் கேட்கும். தகரக் கூரையில் மழை பெய்வதுபோல இருக்கும். டைப்பிங்கும் சுருக்கெழுத்தும் படித்தால் ஏதாவது அலுவலகத்தில் கிராணி வேலைக்கு, அதாவது குமாஸ்தாவாக, போகலாம். மூன்று மாதக் கட்டணத்தை முதலிலேயே கட்ட வேண்டும். அப்பாவிடம் கேட்டேன். "தம்பி படிச்சு முடிக்கட்டும்மா, பொறவு பாப்போம்" என்றார். அம்மா அதுகூடச் சொல்லவில்லை. "பொட்டப்புள்ள டைப் அடிச்சு யாருக்குக் கடுதாசி போடப் போவுது?" என்று கேட்டுவிட்டு அரிசி களையப் போய்விட்டார்.

அந்த வருடம் வெள்ளி விலை திடீரென்று ஏறியிருந்தது. பழைய வெள்ளி இருந்தால் கொண்டுவாருங்கள் என்று பத்தர் ஒருவர் கடை கடையாகச் சொல்லிக்கொண்டு போனார். எங்கள் கடையில் வெளிநாட்டு நோட்டுதான் வாங்குவோம், சில்லறை வாங்க மாட்டோம். வெள்ளைக்காரர்கள் வேண்டாம் என்று விட்டுப்போகும் சில்லறையை முதலாளி ஒரு பால்மாவு டின்னில் போட்டு வைத்திருந்தார். சும்மா இருந்த ஒருநாள் அதைக் கிளறினேன். அதே ஜனாதிபதி முகம் போட்ட அரை டாலர்கள் கிடந்தன. பொறுக்கினால் ஏழு தேறின. கெட்ட எண்ணம் வருவதற்கு அவ்வளவு நேரம்தான் ஆனது. முதலாளி இரண்டு தட்டு மீ கோரேங் விலைக்கு ஏழையும் கொடுத்துவிட்டார்.

அடுத்த விடுமுறைக்கு சுங்காய் போனேன். அம்மா குழாயடிக்குப் போன நேரத்தில் சாமி மேடை டப்பாவைத் திறந்தேன். ஜனாதிபதி முகம் போட்ட ஏழையும் எடுத்துக்கொண்டு, கொண்டுவந்த ஏழையும் போட்டு மூடினேன். நடக்கும் பெண்ணையும் மணியையும் தொடவில்லை. அவற்றுக்கு மாற்று இருந்திருந்தால் அவற்றையும் எடுத்திருப்பேன், அதில் சந்தேகம் வேண்டாம். பத்தர் ஏழையும் எடை போட்டுக் காசு கொடுத்தார். உருக்கிக் கொலுசு செய்வதாகச் சொன்னார். நான் நேரே எதிர் மாடிக்கு ஏறிக் கட்டணத்தைக் கட்டினேன்.

படித்தேன். கிராணி வேலை கிடைத்தது. ஓய்வு பெறும்வரை அந்த வேலைதான் எனக்குச் சோறு போட்டது, தனியாகத் தலை நிமிர்ந்து வாழ வைத்தது. சம்பளம் வந்ததும் அதேபோல ஏழு வெள்ளிக் காசு தேடி வாங்கித் திருப்பி வைத்துவிட வேண்டும் என்று நினைத்தேன். முதல் வருடம் முடியவில்லை. பிறகு அப்பா இறந்தார். பிறகு அம்மா. அதற்குப் பின் தோன்றவே இல்லை என்று எழுதினால் அது பொய். தோன்றியது, செய்யவில்லை.

அம்மா போனபிறகு டப்பா தம்பி வீட்டுக்குப் போனது. அவன் சுங்காயிலேயே இருக்கிறான், லோரி ஓட்டி ஓய்வு பெற்றவன். நாங்கள் வளர்ந்த தோட்டத்தில் இப்போது ஒரு பால்மரம்கூட இல்லை, எல்லாம் செம்பனை. எனக்குத் தெரிந்த கோயில் ஒன்றுதான் இடம் மாறாமல் நிற்கிறது.

விசாரிக்க நான் இழுத்தடித்தேன். அவனே விசாரித்துவிட்டான். ஒரு சனிக்கிழமை காலையில் புதுச் சட்டை போட்டுக்கொண்டு என் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"கெளம்புக்கா, போலாம். குடும்ப குரூப்புல எல்லாருக்கும் சொல்லிட்டேன். எல்லாம் காத்துக்கிட்டு இருக்குதுங்க."

காரில் ஏறியதும் டப்பாவை என் மடியில் வைத்தான். திறந்து பார்த்தேன். கண் கூசியது.

"நேத்து புளி போட்டு நல்லாத் தேச்சேன். விலை பாக்குற ஆளு அழுக்கா இருக்குன்னு கொறச்சிடக் கூடாதுல்ல" என்றான் பெருமையாக. "சிலதுல மட்டும் ஓரமெல்லாம் செவப்பா இருக்குக்கா. அம்மா வச்ச குங்குமம் ஏறிப்போயிருக்கு. எவ்வளவு தேச்சும் போவல."

நான் டப்பாவை மூடினேன். குங்குமம் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

பழைய டவுனில் ஒரு மாடிப்படி ஏறி அந்தக் கடைக்குப் போனோம். பழைய காசு, பழைய தபால்தலை, பழைய கடிகாரம் எல்லாம் வாங்கி விற்கும் சீனர். ஐம்பது வயதிருக்கும். ஆயர் தாவார் பக்கம் தோட்டத்துக் கடை வைத்திருந்தவர் மகனாம், தமிழ் தண்ணீர்பட்ட பாடு. டப்பாவைத் திறந்ததும் முதலில் காசைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்த்தார்.

"யாருண்ணே கழுவுனது?"

"நாந்தான். ஏன், சுத்தமாத்தானே இருக்கு?"

"அதான் சூசா லா, பெரிய கஷ்டம். பழைய காசு அழுக்கா இருந்தாத்தான் அழகு. கழுவுனா, சேர்த்து வைக்கிற ஆளுங்க தொடவே மாட்டாங்க. இனிமே வெள்ளி எடைக்குத்தான் விலை."

தம்பியின் முகத்தில் புதுக் காடி பழைய காடியானது. "வருசா வருசம் தீவாளிக்குக் கழுவுவோமே" என்றான். "நாப்பது அம்பது தடவ கழுவியாச்சா?" என்று தலையில் கைவைத்துக்கொண்டார் அவர்.

பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்து வருடத்தைப் பார்த்தார். ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். சின்னத் தராசில் வைத்தார். கடைசியாக விரல் நுனியில் காசை நிறுத்தி, பேனாவால் மெல்லத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டார். சில காசுகள் நீளமாகப் பாடின. சில 'டக்' என்று சொல்லிவிட்டு நின்றுகொண்டன. பாடினவை வலப்பக்கம், பாடாதவை இடப்பக்கம். நான் எண்ணவில்லை. எண்ண வேண்டிய அவசியம் எனக்கு மட்டும் இல்லை.

"இந்த அஞ்சும் அசல் வெள்ளி. பழசுதான், ஆனா கழுவித் தேஞ்சு போச்சு. எடை போட்டா உங்க காடிக்கு ரெண்டு டயர் வாங்கலாம். இந்த ஏழும் வெள்ளி இல்ல. எழுபத்தொண்ணுல இருந்து இதுல வெள்ளி போடுறது நின்னு போச்சு. உள்ள செம்பு, மேல நிக்கல். ஓரத்துல செவப்பா கோடு தெரியுது பாருங்க."

"அது குங்குமம்" என்றான் தம்பி.

"செம்புண்ணே."

"அப்ப இந்த ஏழும் எவ்வளவு போவும்?"

"அமெரிக்கா போனா செலவு பண்ணலாம் லா."

தம்பி சிரிக்கவில்லை. பூதக்கண்ணாடியை வாங்கி ஏழிலும் வருடத்தை வாய்விட்டு வாசித்தான். எழுபத்தொன்று, எழுபத்திரண்டு, எழுபத்து நான்கு, எழுபத்தேழு. பிறகு அந்தக் கடைசிக் காசை விரலில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

"நான் ஒண்ணாம் வகுப்பு சேர்ந்தது எழுபத்திரண்டு. என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயி பள்ளிக்கூடத்துல விட்டதே அப்பாதான். அதுக்கு முன்னயே பினாங்குல இருந்து வந்துட்டாரு. எழுபத்தேழுல அடிச்ச காசை எந்தச் சிப்பாயி குடுத்திருப்பான்?"

கடைக்காரர் ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார். "அப்பாமாருங்க கதை சொல்லுவாங்க லா, அண்ணே. எங்கப்பா ஜப்பான்காரன்கிட்ட தப்பிச்சு ஓடுனேன்னு சொல்லுவாரு. அவரு பொறந்ததே ஜப்பான்காரன் போன பொறவு."

தம்பி காசைக் கீழே வைத்தான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைக்காரர் இரண்டு குவியலையும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொண்டே, "வீட்டுல கழுவுனவங்களுக்குக் கண்டிப்பாத் தெரிஞ்சிருக்கும். புளி பட்டா செம்பு பளிச்சுன்னு காட்டிக் குடுத்துரும். கண்ணுக்குத் தப்பாது" என்றார், போகிற போக்கில்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் காசுகளை மாற்றிய அந்த வருடத் தீபாவளிக்கு, வழக்கம்போல நாங்கள் புளிச் சட்டியருகே போய் உட்கார்ந்தோம். அம்மா முதலில் தானே இரண்டு மூன்று காசைத் தேய்த்தார். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "போங்க, போங்க, மாடு மாதிரி வளந்துட்டு இன்னமும் என்ன வெளையாட்டு" என்று இரண்டு பேரையும் விரட்டிவிட்டார். அதற்குப் பிறகு சாகும்வரை அந்தக் காசுகளை வேறு யாரையும் கழுவ விட்டதில்லை. வெற்றிலை மேல் அடுக்கும்போது ஒவ்வொரு காசின் ஓரத்திலும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, அதன்மேல் குங்குமம் வைப்பார். அது பக்தி என்று நினைத்தேன். அப்பாவின் கண்ணிலிருந்து எதை மறைத்தார் என்று இந்தக் கடைக்கு வரும்வரை எனக்குத் தெரியாது. பொட்டப்புள்ளைக்கு எதற்கு டைப்பிங் என்று கேட்ட அம்மா, நான் வேலைக்குப் போன பிறகும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வருடம் தவறாமல் என் திருட்டைத் தன் கையால் கழுவிச் சந்தனம் பூசி வைத்திருக்கிறார்.

கீழே இறங்கி எதிரே இருந்த கோப்பிக் கடையில் உட்கார்ந்தோம். தம்பி கோப்பியை ஆறவிட்டுவிட்டான்.

"என் கல்யாணத்துல மேடையில நின்னு சொன்னேன்க்கா அந்தக் கதைய" என்றான். "அப்பா காரியத்தன்னிக்கு வந்தவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். லோரி ஓட்டுனப்ப ஒருத்தன் பையை வண்டியில விட்டுட்டுப் போயிட்டான். உள்ள நெறைய பணம். அந்த மாசம் எனக்கு வீட்டு வாடகை கட்டக் காசு இல்ல. புள்ளைக்குக் காய்ச்சல். தேடிப்போய்க் குடுத்துட்டு வந்தேன். எதுக்குன்னு நெனக்கிற? அப்பா நாலு மாடி ஏறுனாருல்ல, அதுக்குத்தான். இப்ப பாத்தா அவரு எங்கயோ காசு வாங்கிட்டு வந்து நம்மகிட்ட கதை விட்டிருக்காரு."

நான் சும்மா இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்கும். செத்தவர்கள் மறுத்துப் பேச மாட்டார்கள். எவ்வளவு பழியை வேண்டுமானாலும் அவர்கள் தலையில் ஏற்றலாம். ஆனால் அப்பாவின் காசைத் திருடியது போதும், அவர் பெயரையும் எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

"அப்பா கதை விடலடா. நான்தான் எடுத்தேன்."

அவன் புரியாமல் பார்த்தான். காசு மாற்றும் கடை, பால்மாவு டின், பத்தர், டைப்பிங் வகுப்பு, எல்லாவற்றையும் சொன்னேன். அம்மாவுக்குத் தெரிந்திருந்தது என்பதையும் சொன்னேன்.  நான் முடித்ததும் அவன் முதலில் கேட்டது என்னைப் பற்றி இல்லை.

"அப்ப அப்பா கொண்டாந்தது பன்னண்டும் வெள்ளியா?"

"பன்னண்டும் வெள்ளி."

"சிப்பாயி குடுத்தது?"

"அப்பா சொன்னது அத்தனையும் நெசம்டா."

கோப்பிக் கடையில், அத்தனை பேருக்கு நடுவே, என் தம்பி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அறுபது வயது, லோரி ஓட்டிக் காய்ப்பேறிய கை. எனக்கும் அழுகை வந்தது. பக்கத்து மேசைக்காரர் எழுந்து வேறு மேசைக்குப் போனார்.

பிறகு கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை நான் இதற்கு முன் அவனிடம் கண்டதில்லை.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லக்கா?"

"கேட்டேன். உன் படிப்பு முடியட்டும்னாரு."

"அந்த வருசமே நான் பள்ளிக்கூடத்த விட்டுட்டேனே" என்றான். குரலில் பாதி கோபம், மீதி என்னவென்று எனக்குத் தெரியவில்லை.

அவன் கைப்பேசி விடாமல் கிணுகிணுத்துக்கொண்டிருந்தது. குடும்பக் குழுவில் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். காடி எப்போது வருகிறது, என்ன நிறம், யாருக்கு முதல் சவாரி. அவன் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு ஒற்றை விரலால் எழுதத் தொடங்கினான். வெகுநேரம் எழுதினான், அழித்தான், மறுபடி எழுதினான். என்னைப் பற்றித்தான் எழுதுகிறான் என்று நினைத்தேன். எழுதட்டும், அவனுக்கு அந்த உரிமை உண்டு. சித்தி பிள்ளைகள், மாமா பிள்ளைகள், அவர்களின் பிள்ளைகள் எல்லாரும் படிப்பார்கள். இனி எந்தக் கல்யாண வீட்டுக்குள் நான் நுழைவேன் என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

என் பைக்குள் இருந்த கைப்பேசியும் கிணுகிணுத்தது. நானும் அந்தக் குழுவில் இருக்கிறேன். எடுத்துப் பார்த்தேன்.

'பன்னிரண்டும் அசல் வெள்ளி. அப்பா சொன்னது உண்மை. விற்கப் போவதில்லை.'

அவ்வளவுதான் எழுதியிருந்தான். என் தம்பி எழுதி நான் பார்த்த ஒரே பொய் அது. நான் நிமிர்ந்தபோது அவன் இரண்டு பிளாஸ்டிக் பைகளையும் கிழித்து, ஐந்தையும் ஏழையும் ஒன்றாக டப்பாவுக்குள் கொட்டி மூடிக்கொண்டிருந்தான்.

"உன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காதக்கா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல். "அதுக்கு இன்னும் நாளாகும்."